முக்கால் நூல்

மணை செய்வது சுலபம் என்று சொல்கிறவர்கள் மணையைக் கவிழ்த்துப் பார்த்திருக்க மாட்டார்கள். மேலிருந்து பார்த்தால் அது வெறும் பலகை. ஆள் உட்காருகிற அகலம், இழைத்த முகம், மழுக்கிய ஓரம், அவ்வளவுதான். கவிழ்த்தால் அடியில் குறுக்கே ஓடும் இரண்டு கட்டைகள் தெரியும். பலகையைத் தரையிலிருந்து ஓர் அங்குலம் தூக்கி நிறுத்துவதும், அது கோணாமல் பிடித்துக்கொள்வதும் அந்தக் கட்டைகளின் வேலை. இப்போது கடையில் வாங்குகிற மணைகளில் கட்டைக்கு ஃபெவிகால் தடவி, நாலு ஸ்க்ரூவை முறுக்கி முடித்துவிடுகிறார்கள். வாங்குகிற அன்று அசைக்க முடியாது. ஒரு கத்திரி வெயில் தாண்டினால் பலகை நடுவில் கோடு விடும். “மரம் சரியில்லை” என்று வீட்டில் சொல்வார்கள். மரத்தின் மேல் குற்றமில்லை. அது சுருங்கப் பார்த்தது, ஸ்க்ரூ விடவில்லை.

மர வேலையைப் பொழுதுபோக்காகச் செய்கிற என் போன்ற ஆட்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். உளி பிடிப்பதெல்லாம் அப்புறம். வெட்டி, அறுத்து, காயவைத்து, மெருகேற்றி வீட்டுக்குள் கொண்டுவந்த பிறகும் மரம் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடித்துக்கொண்டும் விட்டுக்கொண்டும்தான் இருக்கும். பச்சை மரத்தில் தண்ணீர் இரண்டு இடத்தில் இருக்கிறது: செல்லின் குழிக்குள்ளும், செல்லின் சுவருக்குள்ளும். குழியில் இருப்பது வெளியேறும்போது எடைதான் குறையும், பலகை சுருங்காது. மரத்தின் உலர் எடையில் ஏறக்குறைய 30 சதவீதம் என்ற அளவுக்கு ஈரம் இறங்கிய பிறகு சுவரில் உள்ள நீர் போகத் தொடங்கும். சுருக்கம் அங்கேதான் ஆரம்பம்.

அந்தச் சுருக்கமும் எல்லாத் திசையிலும் ஒரே அளவாக இருக்காது. நீளவாக்கில் இல்லையென்றே சொல்லிவிடலாம். நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில், தேக்கு பச்சை நிலையிலிருந்து முற்றிலும் உலர்வதற்குள், 2.5 சதவீதம் சுருங்கும். வளையத்தை ஒட்டிய திசையில் 5.8 சதவீதம். இரண்டுக்கும் உள்ள இந்த வித்தியாசத்தால்தான் பலகை கூன் போடுகிறது. இத்தனைக்கும் மரங்களில் தேக்கு சாது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதமாக நிலைத்திருந்தால் மரத்துக்குள் ஈரம் 12-ஐ ஒட்டி நிற்கும். காற்று 80-ஐத் தொட்டால் மரம் 16-ஐ நெருங்கும். வருஷத்தில் நாலு புள்ளி ஏற்ற இறக்கம் என்று வைத்துக்கொண்டால், வளையங்கள் முகத்தில் படுத்திருக்கும்படி அறுத்த 12 அங்குல அகலத் தேக்குப் பலகை ஏறக்குறைய முக்கால் நூல் விரிந்து சுருங்கும். அங்குலத்துக்கு எட்டு நூல் என்பதால், இதெல்லாம் ஓர் அளவா என்று தோன்றும். ஆனால் அடியில் குறுக்கே கிடக்கும் கட்டை தன் நீளவாக்கில் மயிரிழைகூட மாறாது. மாறுகிற ஒன்றையும் மாறாத ஒன்றையும் அசையாமல் பூட்டிவிட்டால் இரண்டில் ஒன்று உடைந்தாக வேண்டும்.

இதற்கான விடையைப் பழைய மரக்கடையில் கிடந்த ஒரு பலகைக் கதவின் முதுகில் பார்த்தேன். கதவின் குறுக்குக் கட்டைகளில் ஆணி இல்லை, பசை இல்லை. பலகையில் ஒரு பள்ளம் எடுத்திருந்தார்கள்; வாய் குறுகல், அடி அகலம். கட்டையின் ஓரத்தையும் அதே சாய்வில் சீவி, பக்கவாட்டிலிருந்து நுழைத்து அடித்து ஏற்றியிருந்தார்கள். பலகை கட்டையின் வழியாக விரியலாம், சுருங்கலாம்; தடை இல்லை. ஆனால் கட்டையை விட்டு மேலே எழும்ப முடியாது. கூன் விழாமல் பிடித்தாயிற்று, அசைவுக்கும் இடம் விட்டாயிற்று. அந்தக் கதவு எத்தனை மழையையும் வெயிலையும் பார்த்ததோ, பலகை ஒன்றுகூடப் பிளக்கவில்லை.

மணைக்கு இதைச் செய்கிற முறையைச் சொல்கிறேன். ஆறுக்கு ஒன்று என்ற சாய்வில் ஓரம் சீவிய ஒரு கட்டை முதலில் வேண்டும். பலகையில் கோடு கிழித்து, கோட்டின் மேல் அந்தக் கட்டையை கிளாம்ப் போட்டு நிறுத்தி, ரம்பத்தின் தட்டையான பக்கத்தை அதன் சாய்வில் சாய்த்து அறுக்க வேண்டும். ரம்பம் தானாகவே சரியான கோணத்தில் இறங்கும். எதிர்ப் பக்கத்துக்கும் அப்படியே. நடுவில் இருப்பதை உளியால் எடுத்து, பள்ளத்தின் அடியைச் சமன் செய்ய வேண்டும். பலகையின் கனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தோண்டக் கூடாது. பள்ளம் ஒரு முனையைவிட மறுமுனையில் அரை நூல் குறுகலாக இருக்கும்படி கோடு போடுவதுதான் இதில் சூட்சுமம். கட்டையையும் அதே போலச் சீவினால், முக்கால் தூரம் வரை கையாலேயே நுழையும். கடைசி இரண்டு அங்குலத்துக்குத்தான் கொட்டாப்புளி வேண்டும். அந்தக் கடைசி இரண்டு அங்குலத்தில் சத்தம் மாறும். தொளதொளவென்று கேட்டது ‘டொக்’கென்று கனமாகும்போது நிறுத்திவிட வேண்டும். இன்னொரு அடி அடித்தால் பலகையின் ஓரம் தெறித்துவிடும். கட்டை நழுவாமல் இருக்க நடுவில் மட்டும் ஒரு சொட்டுப் பசை வைக்கலாம். நடுவில் என்றால் நடுவில்தான். இரு முனைக்கும் தடவினால் இத்தனை பாடும் வீண்.

இரண்டு கட்டைக்கும் இதைச் செய்து முடிக்க எனக்கு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போய்விடும். எங்கள் தெருவில் இருக்கும் ஆசாரியாரிடம் முதல் மணையைக் காட்டினேன். கவிழ்த்துப் பார்த்தார், கட்டையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார்.

“இப்படித்தான் போடணும்னு எனக்கும் தெரியும் தம்பி. எங்கப்பா ஸ்க்ரூவைத் தொட்டதே இல்ல. ஆனா ஒரு மணைக்கு ஒரு நாள் கூலின்னா யாரு குடுப்பா, சொல்லு.”

யாரும் கொடுக்க மாட்டார்கள். நானே கொடுத்திருக்க மாட்டேன். தொழில்காரருக்கும் எனக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். கைத்திறனில் அவர் நான் எட்ட முடியாத உயரத்தில் இருக்கிறார். அவருக்குக் கிடைக்காத ஒன்று எனக்குக் கிடைத்திருக்கிறது: அவகாசம். ஆகவே பொழுதுபோக்குக்கு மரவேலை செய்கிறவர், கூலி நேரத்துக்குள் செய்ய முடியாதவற்றைத்தான் தேடிப் பிடித்துச் செய்ய வேண்டும் என்பது என் கட்சி. பிளைவுட்டும் லேமினேட்டும் வைத்து அலமாரி அடிப்பதில் அவரோடு போட்டி போடுவது வெட்டி வேலை. அவர் நம்மைவிட நன்றாகவும் சீக்கிரமாகவும் செய்துவிடுவார்.

அவகாசம் முதலில் செலவாவது மரத்தைக் காயவைப்பதில். ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு வருஷம் என்பது பழைய கணக்கு. நம் ஊர் வெயிலுக்கு அதைவிடச் சீக்கிரம் காயும். காய்ந்துவிட்டதா என்பதை நாள்காட்டி சொல்லாது, தராசு சொல்லும். பலகையின் மேல் பென்சிலால் தேதியும் எடையும் எழுதி வைப்பேன். சில வாரத்துக்கு ஒரு தடவை நிறுத்தால் எடை இறங்கிக்கொண்டே வரும். ஒரு கட்டத்தில் நின்றுவிடும். நின்றால் மரம் வேலைக்குத் தயார். காயும்போது முனைகளில் மெழுகோ பழைய பெயின்ட்டோ பூச வேண்டும். முனை வழியாகத்தான் ஈரம் வேகமாக ஓடும். பூசாவிட்டால் முனை முந்திக்கொண்டு சுருங்கி வெடிக்கும். பலகைக்கும் பலகைக்கும் இடையில் ஒரே கனத்தில் குச்சிகள், நேருக்கு நேராக. மேலே பாரம். நிழல். மாடிப்படிக்கு அடியில் இருக்கும் இடத்தை வீட்டில் இதற்கென்று எழுதி வாங்கிவிட்டேன். செருப்பு அலமாரி வெளியே போய்விட்டது.

கடலூர்ப் பக்கம் மணைக்குப் பலாதான் எனக்குப் பிடித்த மரம். 2011 டிசம்பரில் தானே புயல் அடித்தபோது பண்ருட்டிச் சுற்றுவட்டாரத்தில் பலாவும் முந்திரியும் தோப்பு தோப்பாகச் சாய்ந்தன. தோப்புக்காரர்களுக்கு அது ஆறாத இழப்பு. பலாவை இப்போதும் மரவாடியில் கேட்டு வாங்கலாம். அறுத்த அன்று மஞ்சள் முகத்தில் அடிக்கும். வெளிச்சம் பட்டுப் பட்டு, வருஷங்களில் பழுப்பாக மாறி, அதில் ஒரு செம்மை ஏறும். அந்த மஞ்சள் வெறும் தோற்றம் இல்லை, உண்மையான சாயம். பௌத்தத் துறவிகளின் ஆடைக்குப் பலாக் கட்டையின் வைரத்தைச் சீவி வேகவைத்த சாற்றில் சாயம் ஏற்றுவது வழக்கமாக இருந்திருக்கிறது. தஞ்சாவூர் வீணைக்கும் பலாதான். இழைப்புளிக்கு நன்றாக இசையும், ஆனால் நார் திசை மாறுகிற இடங்களில் பெயர்ந்து வரும். அங்கே எதிர்த்திசையில் திரும்பி, மெல்லியதாக எடுக்க வேண்டும்.

வேம்பு வேறு ரகம். நார் ஒரு வரிசை இந்தப் பக்கமும் அடுத்த வரிசை அந்தப் பக்கமுமாகப் பின்னிக் கிடக்கும். எந்தப் பக்கம் இழைத்தாலும் பாதிக்கு எதிர்ப்புதான். பூவரசு கெட்டி, ஆனால் அகலப் பலகை கிடைப்பது அபூர்வம். தேக்கு புதிதாக வாங்கும் வசதி எனக்கு இல்லை. இடித்த வீடுகளின் கைமரமும் நிலையும் வருகிற பழைய மரக்கடைக்குப் போவேன். காந்தம் ஒன்றைச் சட்டைப்பையில் கொண்டுபோக வேண்டும். தலை முறிந்து உள்ளே புதைந்த ஆணி கண்ணுக்குத் தெரியாது, காந்தத்துக்குத் தெரியும். இழைப்புளியின் கத்திக்கும் தெரியும், ஆனால் அப்போது காலம் கடந்திருக்கும். வைரத்தைச் சுற்றியுள்ள வெள்ளைப் பகுதியை இரக்கமில்லாமல் அறுத்து எறிந்துவிடுங்கள். உளுப் பூச்சிக்கு அதுதான் தீனி. கீழே மாவு போலப் பொடி கொட்டிக் கிடந்தால் அந்தக் கட்டையை விலை கேட்கவே வேண்டாம்.

அவகாசத்தை அடுத்து விழுங்குவது தீட்டுதல். புதிதாகத் தொடங்குகிறவர்கள் கருவி வாங்கச் செலவு செய்கிற அக்கறையில் பாதியைத் தீட்டுவதில் காட்டினால் போதும் என்பேன். பெட்டியோடு வருகிற உளி தீட்டி வருவதில்லை; சாணை பிடித்து வருகிறது. அது வேறு, இது வேறு. முதலில் உளியின் முதுகைக் கல்லில் தேய்த்துச் சமதளமாக்க வேண்டும். முனையிலிருந்து ஓர் அங்குலம் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டால் போதும். இது உளிக்கு ஆயுளில் ஒரு தடவை. பிறகு சாய்வு: 25 பாகையில் சாணை, அதன் நுனியில் மட்டும் 30 பாகையில் கல். கரடு ஒரு பக்கமும் நைசு ஒரு பக்கமும் உள்ள கார்போரண்டம் கல்லே தொடக்கத்துக்குப் போதுமானது. நுனி முழுக்கத் தேய்ந்துவிட்டது என்பதற்கு அடையாளம், முதுகுப் பக்கம் கட்டைவிரலைத் தள்ளிப் பார்த்தால் தட்டுப்படுகிற பிசிறு. பிசிறு எழும் வரை கல்லை மாற்றக் கூடாது. பலரும் இங்கேதான் அவசரப்படுகிறார்கள். நைசுக் கல்லில் ஐந்தாறு இழுப்பு, முதுகைப் படுக்கவைத்து ஓர் இழுப்பு, கடைசியில் பழைய தோல் பெல்ட்டில் பச்சைப் பேஸ்ட் தடவிப் பின்னோக்கி இழுத்தால் பிசிறு உதிரும்.

கையில் உள்ள முடியைச் சிரைத்துப் பார்ப்பது வீம்பு. பேக்கிங் பெட்டியில் வருகிற மட்டமான பைன் கட்டையை எடுத்து அதன் முனையில் ஒரு செதுக்குச் செதுக்குங்கள். மழுங்கிய உளி மென்மையான நாரை நசுக்கும். செதுக்கிய இடம் வெளிறி, குழிகுழியாக இருக்கும். கூரான உளி விட்டுப்போகும் முகம் பளபளக்கும். கெட்டி மரம் இதில் பொய் சொல்லும், பைன் சொல்லாது. தேக்கில் சிலிக்கா இருப்பதால் முனை சீக்கிரம் போகும். தேக்கு வேலை நாளில் கல்லை எட்டும் தூரத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

நம் தச்சர்கள் தரையில் உட்கார்ந்து, பாதத்தால் பலகையைப் பிடித்துக்கொண்டு வேலை செய்வார்கள். இரண்டு கையும் கருவிக்கு, இரண்டு காலும் பிடிமானத்துக்கு. புதிதாக வருகிறவர்கள் காணொளிகளைப் பார்த்துவிட்டு முதல் மாதமே ஐரோப்பிய பாணியில் கனமான வேலைமேசை செய்யக் கிளம்புகிறார்கள். அவசியமில்லை. மணை, முக்காலி, நடைவண்டி, அஞ்சறைப்பெட்டி இவை எல்லாமே தரையில் அடங்குகிற பொருள்கள். ஒரு கனத்த பலகை, அதன் தலையில் தடுப்புக்கு ஒரு கட்டை, அடியில் நழுவாமல் சாக்கு. இது போதும். முழங்கால் ஒத்துழைக்காத வயதில் மேசை செய்துகொள்ளலாம். எனக்கு அந்த வயது வந்துவிட்டது, ஆகவே இப்போது மேசை இருக்கிறது.

கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் போகிற வழியில் ஒவ்வொரு தடவையும் மரச்சாமான் கலைஞர் ஜார்ஜ் நகாஷிமாவை நினைத்துக்கொள்வேன். 1905-ல் அமெரிக்காவில் ஜப்பானியப் பெற்றோருக்குப் பிறந்தவர், படித்தது கட்டடக்கலை. கட்டடக்கலைஞர் அன்டோனின் ரேமண்டின் அலுவலகத்துக்காக 1937-ல் புதுச்சேரி வந்து, அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதிக் கட்டுமானத்தைக் கவனித்தார். ஆசிரமத்திலேயே சேர்ந்துவிட்டார், சுந்தரானந்தா என்று பெயர் கிடைத்தது. மரச்சாமான் வடிவமைப்பில் அவர் கைவைத்ததும் அந்த விடுதிக்காகத்தான். ஆனால் அவருடைய கைக்கு உளி வந்த கதை வேறு. 1942-ல் அமெரிக்க அரசு ஜப்பானிய வம்சாவளியினரைப் பிடித்து முகாம்களில் அடைத்தபோது, குடும்பத்தோடு இடாஹோவில் உள்ள மினிடோக்கா முகாமுக்குப் போனார். அங்கே ஜென்டாரோ ஹிகோகாவா என்ற தச்சரிடம் ஜப்பானிய இணைப்பு முறைகளைக் கற்றார். கிடைத்த தட்டுமுட்டு மரத்தில், வேலிக்குள். விரும்பிப் பெற்ற அவகாசம் இல்லை அது. இந்தக் கதையை இனிப்பாகச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை.

பலகையில் வெடிப்பு இருந்தால் அதை மறைக்காமல், குறுக்கே வண்ணத்துப்பூச்சி வடிவக் கட்டை பதித்து, இனி விரியாமல் நிறுத்துவது அவர் கையெழுத்தாகிப் போனது. இன்று அதை அலங்காரத்துக்குப் பதிக்கிறார்கள். வெடிப்பே இல்லாத பலகையில்கூட. கட்டையின் நார் வெடிப்பைக் குறுக்காகக் கடக்க வேண்டும். நீளவாக்கில் சுருங்காத குணம்தான் வெடிப்பைப் பிடித்து நிறுத்துகிறது. நார் திசை மாறினால் இடுப்பில் பட்டென்று முறியும். வெடிப்பில் நீலச் சாயம் கலந்த எபாக்சியை ஊற்றி நதி என்று பெயர் வைக்கிற மேசைகளைப் பற்றி நான் எதுவும் சொல்லாமல் இருப்பதே நல்லது.

பசைக்கு ஃபெவிகால் நல்ல பொருள்தான், மறுக்கவில்லை. ஆனால் பழுது பார்க்க வேண்டிய சாமானுக்கு, உதாரணமாக நாற்காலிக் கழுந்துக்கு, பழைய வஜ்ரமே மேல். வெந்நீரும் சூடும் பட்டால் விட்டுக்கொடுக்கும். அடுத்த தலைமுறைத் தச்சர் உடைக்காமல் பிரித்து மறுபடி ஒட்டலாம். காய்ச்சும் வாடைக்கு வீட்டில் எதிர்ப்பு உண்டு என்பதால் மொட்டை மாடியில்தான் அடுப்பு.

மெருகு விஷயத்தில் இரண்டு எச்சரிக்கைகள் மட்டும். ஆளிவிதை எண்ணெய் தடவிய துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். எண்ணெய் காற்றோடு சேர்ந்து கெட்டிப்படும்போது சூடு பிறக்கும். சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியின்றி ஏறி ஏறித் தானாகவே தீப்பிடிக்கும். கொடியில் விரித்துப் போட்டுவிட்டால் ஆபத்தில்லை. இரண்டாவது, தூசி. மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1995-லேயே சேர்த்துவிட்டது. இழைப்புளிச் சுருள் மூக்குக்குள் போகாது, உப்புத்தாள் தூள் போகும். கூரான இழைப்புளிக்கு நான் கொடுக்கிற இடத்துக்கு அழகு ஒரு காரணம் என்றால் இது இன்னொன்று. உப்புத்தாள் எடுத்தால் முகமூடி கட்டாயம்.

குழந்தை வாயில் வைக்கிற நடைவண்டிக்கு அவலரக்கு போதும். ஸ்பிரிட்டில் கரைத்து மெல்லிய பூச்சாகப் பல தடவை பூச வேண்டும். மாத்திரைக்கும் மிட்டாய்க்கும் மேல்பூச்சாகப் போடுகிற அதே அரக்குதான். மழை நாளில் பூசினால் ஈரம் ஏறி வெள்ளை பூக்கும். வெயில் வரும் வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழி இல்லை. மணைக்கு நான் எதுவுமே பூசுவதில்லை. உட்காருகிறவர்களே காலப்போக்கில் மெருகேற்றிவிடுகிறார்கள்.

“இதை விற்கலாமே” என்பார்கள் பார்க்கிறவர்கள். விற்பதில்லை என்று வைத்திருக்கிறேன். என் ஞாயிற்றுக்கிழமைக்கு விலை போடாமல் மணையை மலிவாக விற்றால், தெருவில் இருக்கிற ஆசாரியாரின் கூலியை நான் கேவலப்படுத்துகிறேன். விலை போட்டு விற்றால் வாங்க ஆள் இல்லை. கல்யாணம், கிரகப்பிரவேசம் என்று கொடுத்துவிடுவேன்.

இப்போது கையில் இருப்பது அஞ்சறைப்பெட்டி. பெட்டி தேக்கு, மூடி பலா. மூடி காடியில் ஓடுகிற வகை. எட்டு அங்குல அகல மூடிக்கு அரை நூல் அசைவு என்று கணக்கு வைத்திருக்கிறேன். சித்திரையில் பொருத்தினால் அந்த அரை நூலை ஊகித்து இடைவெளி விட வேண்டும். ஐப்பசியில், மரம் முழுக்க விரிந்திருக்கும்போது பொருத்தினால் ஊகமே வேண்டாம். காடியை ஒட்டினாற்போல் இழைத்துவிட்டால் அதற்கு மேல் அது விரியப் போவதில்லை. ஆகவே மூடிப் பலகையை மாடிப்படிக்கு அடியில் ஐப்பசி வரை அப்படியே போட்டிருக்கிறேன். அதுவரை கடுகும் சீரகமும் பிளாஸ்டிக் டப்பாவில்தான் என்று சொன்னதற்கு, “எந்த வருஷத்து ஐப்பசி?” என்று சமையலறையிலிருந்து கேள்வி வந்தது.